ஃபுளோரைடு தண்ணீருக்கு மாணவர்கள் செய்த வடிகட்டி: பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா?

கிருஷ்ணகிரி வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஃபுளோரைடு நீக்கும் வடிகட்டி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஒரு நீல டிரம், அதற்குள் ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா மணிகள் 10 கிலோ, மேலே மணலும் பொடி ஜல்லியும். தண்ணீர் வெளியேறும் குழாயில் டிடிஎஸ் சென்சார், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் சென்சார், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு, செல்போனுக்குத் தகவல் அனுப்ப ஒரு சிம். போட்டி ஒன்றில் பரிசும் கிடைத்திருக்கிறது. இப்போது பக்கத்து ஊர் தொடக்கப் பள்ளியில் இதை வைக்கலாம் என்று துடிக்கிறார்கள். தலைமையாசிரியைக்கும் சம்மதம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடியில் இருப்பது நைஸ், கிரானைட், சார்னோக்கைட் போன்ற பழைய கடினப் பாறைகள். அவற்றில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகள் (போர்) அதைத் தாண்டியவை. பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். வயதானவர்களில் சிலருக்கு இடுப்பு, முட்டி மடங்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கியதே முக்கியமாக ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோய்க்காகத்தான். காவிரித் தண்ணீர் வரும் நாட்களில் கவலையில்லை. குழாய் உடைந்தாலோ மோட்டார் பழுதானாலோ மறுபடி போர் தண்ணீர்தான்.

கேள்வி இதுதான்: வைப்பதற்கு முன் நாங்கள் என்னென்ன பார்க்க வேண்டும்? இத்துறையில் வேலை செய்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளும் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

லேப் ராஜி எழுதியது:

சார், நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக இருக்கிறேன். பிள்ளைகள் செய்திருப்பது நல்ல வேலை. அதனால்தான் சலுகை கொடுக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த டிடிஎஸ் சென்சார். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும். 800 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்று அதற்குத் தெரியவே தெரியாது. அலுமினா தன் வேலையை நிறுத்தி, ஃபுளோரைடு அப்படியே கடந்து போகும் நாளிலும் உங்கள் செல்போனில் எண் மாறாது. தலைமையாசிரியை அந்த எண்ணைப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று பிள்ளைகளுக்கு ஊற்றுவார். சென்சார் இல்லாத டிரம்மைவிட இது ஆபத்து.

இரண்டாவது, எந்தத் தண்ணீரை வைத்துச் சோதித்தீர்கள்? வாலை வடிநீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து ஊற்றியிருந்தால் அலுமினா அற்புதமாக வேலை செய்திருக்கும். ஊர் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும், பிஹெச் எட்டை ஒட்டி நிற்கும். அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது பிஹெச் ஐந்து, ஆறு வாக்கில்தான். அதற்கு மேலே போகப் போகப் பிடிக்கும் அளவு குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. வடிகட்டியிலிருந்து கொஞ்சம் அலுமினியம் கரைந்து வெளியே வரலாம். அலுமினியம் ஃபுளோரைடைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட ஃபுளோரைடு எலெக்ட்ரோடு மீட்டருக்குத் தெரியாது, சாயம் வைத்து நிறம் பார்க்கும் கிட்டும் ஏமாறும். தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. டிஸாப் என்ற பஃபர் கரைசலைச் சேர்த்தால் அந்தப் பிடி விட்டுவிடும், சரியான அளவு வரும். உங்கள் ரிசல்ட் டிஸாப் சேர்த்து எடுத்ததா?

மூணாம் வருஷம் மெக் எழுதியது:

மேடம், நான் அந்த டீம்ல ஒருத்தன். டெஸ்ட் பண்ணினது டிஸ்டில்டு வாட்டர்லதான். டிஸாப் சேர்க்கல, கிட் வெச்சுதான் பார்த்தோம். 90 சதவீதம் குறைஞ்சதுன்னு போஸ்டர்ல போட்டோம். நீங்க சொன்ன மூணும் எங்ககிட்ட யாரும் கேக்கல மேடம், நடுவர்களும் கேக்கல. சென்சார் டேட்டா லைவா வருதான்னுதான் கேட்டாங்க.

டிடிஎஸ்க்குப் பதிலா ஃபுளோரைடுக்குன்னே சென்சார் வெக்க முடியுமா?

லேப் ராஜி எழுதியது:

தம்பி, நேர்மையாகச் சொன்னாய், சந்தோஷம். ஃபுளோரைடு எலெக்ட்ரோடு இருக்கிறது. லேந்தனம் ஃபுளோரைடு படிகம் வைத்தது. விலை அதிகம், அடிக்கடி தரக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பஃபர் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடக் குழாயில் நிரந்தரமாகச் செருகி வைக்கிற சாமான் இல்லை அது. கல்லூரி லேபில் ஒன்று இருந்தால் போதும். வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் வரட்டும், நீங்கள் பாருங்கள்.

பென்னாகரத்துக்காரன் எழுதியது:

நான் படிச்சவன் இல்லீங்க, வெவசாயம். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி ஒரு மிசின் வெச்சாங்க. யார் வெச்சாங்கன்னு சொல்ல வேண்டாம். தொறந்து வெக்கறப்ப பந்தல், மாலை, போட்டோ எல்லாம் இருந்துச்சு. அடுத்த ஆடி வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. உள்ள இருக்கறத மாத்தணும்னாங்க, அது எங்க கிடைக்கும்னு யாருக்கும் தெரியல. ரூமு சாவி வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சு, அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. இப்ப அந்த ரூம்ல வெளக்குமாறும் ஒடைஞ்ச பெஞ்சும் கெடக்குது.

இன்னொண்ணு. நீங்கல்லாம் குடிக்கற தண்ணியவே பேசறீங்க. எங்க ஊட்ல ஒகேனக்கல் தண்ணி வந்தா அத ஒரு கொடத்துல புடிச்சு மூடி வெச்சுக் குடிக்கறதுக்கு வெச்சுக்குவாங்க. சோறு வடிக்கறது, ராகிக் களி கிண்டறது, கொழம்பு வெக்கறது எல்லாம் போர் தண்ணிதான். களிக்கு எவ்ளோ தண்ணி இழுக்கும்னு கிண்டறவங்களுக்குத் தெரியும். அந்த ஃபுளோரைடும் வயித்துக்குள்ளதானே போவுது? கொதிச்சா போயிடும்னு சில பேரு சொல்றாங்க, நெசமா?

லேப் ராஜி எழுதியது:

போகாது ஐயா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு உள்ளேயே தங்கும். இருக்கிற தண்ணீரில் அடர்த்தி கூடும். நீங்கள் களியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி.

கிருஷ்ணகிரி வாத்தியார் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் கணக்கைத் திரும்பப் போட்டோம். கரும்பலகையில் எழுதியதை இங்கே தருகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

100 பிள்ளைகள், ஆளுக்கு 1 லிட்டர் குடிநீர், ஆக 100 லிட்டர். லிட்டரில் 2 மில்லிகிராம் குறைக்க வேண்டுமென்றால் நாளுக்கு 200 மில்லிகிராம். ஊர்த் தண்ணீரில் அலுமினா கிலோவுக்கு 1 கிராம்தான் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 10 கிலோவுக்கு 10 கிராம். அதாவது 50 நாள்.

ஆனால் அந்தப் பள்ளியில் மதியம் சத்துணவு, காலையில் காலை உணவு. அரிசி, உப்புமா, சாம்பார் எல்லாம் அதே போர் தண்ணீர். அதற்கும் சேர்த்து 300 லிட்டர் என்று வைத்தால் 17 நாளில் அலுமினா தீர்ந்துவிடும். போஸ்டரில் "ஒரு வருடம் உழைக்கும்" என்று இருக்கிறது. அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பெங்களூர் கார்த்தி எழுதியது:

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது சார். நான் வேறு பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன்.

உலகம் முழுக்கத் தண்ணீருக்காகக் கருவி செய்த இளையவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் கீதாஞ்சலி ராவ் என்ற பெண், ஃபிளின்ட் நகரத்து ஈயப் பிரச்சினையைக் கேள்விப்பட்டு, கார்பன் நானோகுழாய் வைத்து ஈயத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு மாதிரி செய்தார். 2017இல் இளம் விஞ்ஞானி போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 11. ஒடிசாவில் தாமன்ஜோடியைச் சேர்ந்த லலிதா பிரசிதா மக்காச்சோளச் சக்கையை வைத்துக் கழிவுநீரை வடிகட்டி 2015 கூகுள் அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றார். எங்கள் பெங்களூரில் சாஹிதி பிங்கலி என்ற மாணவி வர்த்தூர் ஏரி நுரை பொங்குவதைப் பார்த்துவிட்டு வேறு வழியில் போனார். ஏரியைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் எதையும் அவர் செய்யவில்லை. ஊர் மக்களே ஏரித் தண்ணீரைச் சோதித்து, முடிவைச் செல்போன் செயலியில் ஏற்றி, எல்லாம் சேர்ந்து ஒரு வரைபடமாக வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார்.

எனக்கு அந்த மூன்றாவது வழிதான் பெரிதாகப் படுகிறது. வடிகட்டும் பொருள் புதிதாக வேண்டும் என்று யாரும் ஏங்கவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களிலேயே கொடுத்துவிட்டது. எந்த போரில் எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு என்ற விவரம்தான் ஊரில் யார் கையிலும் இல்லை.

மூணாம் வருஷம் மெக் எழுதியது:

அண்ணா, மேப் போடறது நல்ல ஐடியாதான். ஆனா மேப் போட்டா ஃபுளோரைடு குறையுமா? கண்ணு முன்னாடி சின்னப் பசங்க அந்தத் தண்ணியக் குடிக்கறாங்க. நாங்க ஏதாவது செய்யணும்னுதான் ஆரம்பிச்சோம். என் அப்பத்தாவுக்கு முட்டி மடங்காது, பஸ் ஏற முடியாது. மேப்பை அவங்ககிட்ட எப்படிக் காட்டறது?

சேலத்து உமா எழுதியது:

கார்த்தி, தம்பி கேட்பது நியாயம். பிள்ளைகள் ஒரு பொருளைச் செய்து பார்த்தால்தான் இந்தக் கேள்வியெல்லாம் எழுகிறது. டிரம் செய்யாமல் இருந்திருந்தால் இந்த இழையே இல்லை. ராஜி மேடம் சொன்ன டிஸாப் விவரம் இத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. செய்கிறவர்களின் கையைக் கட்ட வேண்டாம்.

பெங்களூர் கார்த்தி எழுதியது:

கையைக் கட்டச் சொல்லவில்லை உமா அக்கா.

தம்பி, உன் கேள்விக்கு ஃபிளின்ட்டையே பதிலாகச் சொல்கிறேன். 2014இல் அங்கே நதித் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக்கு வந்தது. அதிகாரிகள் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் 300 மாதிரி பாட்டில் பெட்டிகளை ஃபிளின்ட் மக்களுக்கு அனுப்பினார்கள். மக்களே தங்கள் குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தார்கள். அந்த எண்களை மறைக்க முடியவில்லை. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். அந்த ஆண்டு அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது. அதற்கெல்லாம் முதலில் தேவைப்பட்டது பாட்டிலும், அதில் வீட்டு எண்ணை ஒழுங்காக எழுதியதும்.

உன் அப்பத்தா ஊரில் பத்து போர் இருந்தால் பத்திலும் ஒரே அளவு இருக்காது. எது குறைவு என்று தெரிந்தால் சமையலுக்கு அதிலிருந்து எடுக்கலாம். அது நாளைக்கே செய்யக்கூடியது, அலுமினா வேண்டாம்.

லேப் ராஜி எழுதியது:

இதை வழிமொழிகிறேன். பொதுவாக, ஆழத்துப் பாறை வெடிப்பில் நெடுநாள் தேங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல். மழை பெய்ததும் ஊறும் ஆழம் குறைந்த கிணறுகளில் குறைவு. கால்சியம் நிறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்காது. மென்மையாக, சோப்பு நன்றாக நுரைக்கிற போர் தண்ணீரை ஊரில் "நல்ல தண்ணி" என்பார்கள். அதில்தான் பல நேரம் ஃபுளோரைடு தூக்கலாக இருக்கும். நாக்கை நம்ப முடியாது, நிறமும் வாசனையும் கிடையாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்துக் கிட்டும் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று பிள்ளைகள் முதலில் தேடட்டும்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பிரச்சினை வேற. இஞ்ச அடியில சுண்ணாம்புக்கல், மழைத் தண்ணி கெதியா உள்ள இறங்கும். தோட்டத்துக்குப் போடுற உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணத்தில நைட்ரேட்டாக் கிடக்கு. கூட இறைச்சால் கீழ இருக்கிற உவர்த்தண்ணி மேல வரும். நைட்ரேட்டும் கொதிக்கவைச்சால் போகாது, கைக்குழந்தையளுக்குப் பால்மா கரைச்சுக் குடுக்கிற வீடுகளில இது பெரிய ஆபத்து.

தம்பிமாருக்குச் சொல்ல வந்தது, உங்கட வடிகட்டியை இஞ்ச கொண்டுவந்தால் எங்களுக்கு உதவாது. அலுமினா நைட்ரேட்டைப் பிடிக்காது. அதே மாதிரி இஞ்சத்தைப் பிள்ளையள் செய்யிறதை நீங்கள் வாங்கி வைச்சும் பிரயோசனமில்லை. போட்டிகளில "எல்லா மாசையும் நீக்கும்" எண்டு எழுதினால்தான் பரிசு எண்டு ஒரு நினைப்பு இருக்கு. தயவுசெய்து அப்பிடி எழுதாதேங்கோ. இந்த ஊர், இந்தக் கிணறு, இந்த ஒரு பொருள் எண்டு எழுதுங்கோ. எங்கட வன்னிப் பக்கமும் அனுராதபுரத்திலயும் சிறுநீரக வருத்தத்துக்காக ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையம் வைச்சிருக்கினம். அதில தள்ளுற கழிவுத் தண்ணியை எங்க விடுறது எண்டதும் ஒரு கேள்விதான்.

சேலத்து உமா எழுதியது:

கழிவு என்றதும் கேட்கத் தோன்றுகிறது. அலுமினா தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதானா?

லேப் ராஜி எழுதியது:

இல்லை, திரும்பப் புதுப்பிக்கலாம். நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினால் பிடித்த ஃபுளோரைடை விட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நீர்த்த அமிலத்தால் காரத்தைத் தணிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திறன் குறையும்.

இதை எந்தக் காரணத்துக்காகவும் பள்ளிக்கூட வளாகத்தில் செய்யக் கூடாது. காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போகும். அலசிய தண்ணீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும், அதைச் சாக்கடையில் விட்டால் எடுத்ததைத் திரும்ப மண்ணுக்கே கொடுத்தது போலாகும். சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் ஃபுளோரைடாக அடியில் படியும். அந்த வண்டலைக் காயவைத்து, மழை படாமல் மூட்டை கட்டி, முறையாக ஒப்படைக்க வேண்டும்.

மூணாம் வருஷம் மெக் எழுதியது:

மேடம், அப்போ இப்படிப் பண்ணலாமா? டிரம்முக்குப் பதிலா தூக்கற மாதிரி சின்னக் கூடு, ரெண்டு செட். கேஸ் சிலிண்டர் மாத்தற மாதிரி. ஒண்ணு பள்ளிக்கூடத்துல ஓடும்போது இன்னொண்ணு எங்க காலேஜ் லேப்ல ரீசார்ஜ் ஆகும். எத்தனை லிட்டர் போச்சுன்னு மட்டும் ஒரு தண்ணி மீட்டர் வெச்சு எண்ணிக்கலாம். ஆர்டுயினோ அதுக்கு மட்டும் போதும். அளவு தாண்டினா ஆட்டோமேட்டிக்கா வால்வு மூடிடும். தீர்ந்த வடிகட்டி வழியா ஒரு சொட்டும் வராது.

லேப் ராஜி எழுதியது:

தம்பி, இது வடிகட்டி! அளவு தாண்டினால் மூடிக்கொள்ளும் வால்வுதான் உங்கள் முழுத் திட்டத்திலும் சிறந்த பகுதி. லிட்டர் எண்ணிக்கையை ஊர்த் தண்ணீரை வைத்துச் சோதித்து நிர்ணயம் செய்யுங்கள். கண்டுபிடித்த அளவில் பாதியிலேயே மூடும்படி வையுங்கள்.

பென்னாகரத்துக்காரன் எழுதியது:

தம்பி சொல்றது நல்லாருக்கு. ஆனா மூடிக்கிட்டா அன்னிக்கு சத்துணவு ஆயா என்ன பண்ணும்? பக்கத்துல இருக்கற போர் குழாயத் தொறந்து ஒலை வெக்கும். இன்னொரு கூடு அங்கியே தயாரா இருக்கணும், ஆயாவே மாத்தற மாதிரி இருக்கணும். அதுக்கு எழுபது ரூவா ஸ்பேனர் வேணும்னு சொன்னா மறுபடி சாவி கத தான். நீங்க காலேஜ் முடிச்சுப் போயிட்டா யாரு ரீசார்ஜ் பண்றது? அதயும் யோசிங்க கண்ணு.

சேலத்து உமா எழுதியது:

ஐயா கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் பார்த்த வரையில் ஒரே பதில், யாராவது அதை முழுநேர வேலையாக எடுத்துக்கொள்வதுதான். ஐஐடி சென்னையில் பேராசிரியர் பிரதீப் குழு ஆர்சனிக் நீக்க இரும்பும், இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் சேர்ந்த ஒரு பொருளைச் செய்தார்கள், அம்ரித் என்று பெயர். ஆய்வுக்கட்டுரையோடு நிறுத்தாமல் அதற்கென்று நிறுவனம் தொடங்கி ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அதே வளாகத்தில் படித்த இளைஞர்கள் தொடங்கிய சொலினாஸ் நிறுவனம், குடிநீர்க் குழாய்க்குள் ஊர்ந்துபோய் எங்கே கசிகிறது என்று பார்க்கும் ரோபோவைச் செய்கிறது. இரண்டிலும் கண்டுபிடித்த பிறகு உழைத்த வருடங்கள்தான் நீளம். கல்லூரி புராஜெக்ட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் துறையே பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அது ஆய்வகப் பாடமாகவே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி வாத்தியார் எழுதியது:

உமா மேடம், கெமிஸ்ட்ரி துறைத் தலைவரிடம் இன்று பேசினேன். புதுப்பிக்கும் வேலையை ஆய்வகப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார், எழுத்தில் வாங்கிவிடுகிறேன். அது கையில் வரும்வரை பள்ளியில் எதையும் வைக்கப் போவதில்லை. தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம் அவருக்கு. 1937இலேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்கள். இத்தனை தலைமுறை காத்திருந்த ஊர்களிடம் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை.

இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் அந்தப் பஞ்சாயத்தில் உள்ள எல்லா போர், கிணறு, கைப்பம்பிலும் மாதிரி எடுக்கிறார்கள். பென்னாகரத்து ஐயா, உங்கள் ஊரிலிருந்தும் கொடுத்தால் சேர்த்துப் பார்த்துத் தருகிறோம். ராஜி மேடம், மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

லேப் ராஜி எழுதியது:

கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும். பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள், அரை லிட்டர் போதும். ஜூஸ் பாட்டில், எண்ணெய் பாட்டில் கூடாது. தண்ணீர் பாட்டிலை அதே போர் தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். மோட்டார் போட்டவுடன் பிடிக்காதீர்கள். குழாயில் தேங்கியது போய்ப் புதுத் தண்ணீர் வரட்டும், ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். தொட்டியிலிருந்து பிடித்தால் எந்த போர் தண்ணீர் என்று தெரியாமல் போகும், போரிலேயே பிடியுங்கள். பாட்டில் மேல் ஊர், போர் இருக்கும் இடம், ஆழம் தெரிந்தால் ஆழம், தேதி, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா சமைக்கிறார்களா மாட்டுக்கு மட்டுமா என்று பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.

பென்னாகரத்துக்காரன் எழுதியது:

எங்க ஊர்ல பள்ளிக்கூடத்து போர், கோயிலுக்குப் பின்னாடி போர், எங்க தோட்டத்துக் கெணறு, காலனி கைப்பம்பு நாலும் எடுக்கறேன். காலனியில கேட்டுட்டுத்தான் எடுக்கணும், நாளைக்குப் போயி கேக்கறேன். ஞாயித்துக்கெழம சந்தைக்கு வர்றப்ப பாட்டில எங்க குடுக்கணும்னு சொல்லுங்க சார்.